ஓதம் ஏறும் சமையலறைத் தரைக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் சமையலறையின் கான்கிரீட் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. மேலே ஒட்டியிருந்த வினைல் ஓரங்களில் கிளம்பிவிட்டது. தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்கிறார் ஒப்பந்ததாரர். கையில் ஐந்து மாதச் செலவுக்கான அவசர காலப் பணம் இருக்கிறது. அதை எடுப்பதா, தனிநபர் கடன் வாங்குவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒப்பந்ததாரர் சொன்னதாகத் தெரியவில்லையே! என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் கடன் வாங்கி டைல்ஸ் பதித்தார். தவணை முடிவதற்குள் டைல்ஸ் இடுக்குகளில் வெள்ளையாக உப்பு பூத்துவிட்டது.

முதலில் செலவில்லாத இரண்டு சோதனைகள். இரவில் குழாய்களை எல்லாம் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். யாரும் தண்ணீர் புழங்காமலே காலையில் எண் நகர்ந்திருந்தால், எங்கோ குழாய் கசிகிறது. அப்புறம், வினைலைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, தரையைத் துடைத்து, அரை மீட்டர் சதுர பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு மூன்று நாள் விட்டுவிடுங்கள். தாளுக்கு அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் நனைந்திருந்தால், சமையல் ஆவி குளிர்ந்த தரையில் படிகிறது. அதற்கு நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனே போதுமானதாக இருக்கலாம்.

வெளியே சுவரோரம் மண் உள்தரையைவிட உயர்ந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். அதை வெட்டி இறக்குவது சின்ன வேலைதான்.

கசிவு என்றால், பழுது பார்ப்பதற்கு முன்பே படம் எடுத்து வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். திடீரென உடைந்த குழாயால் வந்த சேதத்துக்குப் பல பாலிசிகள் ஈடு தரும். நாள்பட்ட கசிவுக்குப் பெரும்பாலும் தராது.

மண்ணிலிருந்துதான் ஈரம் ஏறுகிறதா? பழைய தளங்களுக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் பெரும்பாலும் இருக்காது. ஆனாலும் தளம் கெட்டியாக இருந்தால் பெயர்க்காமலே, மேற்பரப்பைச் சுரண்டி எபாக்சி ஈரத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடிக்க முடியுமா என்று கேளுங்கள். பெயர்த்தால் மதிப்பீட்டில் இல்லாத ஒரு செலவும் சேரும். புது கான்கிரீட் காய மில்லிமீட்டருக்கு ஒரு நாள் என்பது தோராயக் கணக்கு. 100 மில்லிமீட்டர் தளம் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். அதுவரை சமையலறை அரைகுறையாகத்தான் இருக்கும். வெளியில் சாப்பிடும் செலவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். மூன்று பேரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, பழைய வீடு என்பதால் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்று மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாதீர்கள். மீதியில் வேலை முடிந்தால் கடனே வேண்டாம். முடியாவிட்டால் குறையும் தொகைக்கு மட்டும் கடன் வாங்குங்கள், முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லாததாகப் பார்த்து. ஒப்பந்ததாரருக்கான கடைசித் தவணையை, தரையில் வைத்த ஈரப்பதமானி ஒப்பு ஈரப்பதத்தை (காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதை) 75 சதவீதத்துக்குக் கீழே காட்டிய பிறகு கொடுப்பதாக முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.