உடம்பை வருத்தினால்தான் புனிதமா?

கேள்வி: நான் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்தவள். வயது 46. ஜெருசலேமில் ஒரு யூதப் பாட்டியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். ஊரில் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். கூடுதல் சம்பளத்துக்காக வார ஓய்வு நாளிலும் அதே வீட்டில் வேலை செய்கிறேன். இரவில் நாலைந்து மணி நேரம்தான் தூக்கம். வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி, தண்ணீர் மட்டும் குடிப்பேன். சில மாதங்களாகத் தலைசுற்றலும் கை நடுக்கமும் வருகின்றன. உடலை ஒடுக்கினால் ஆன்மா வளரும் என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன். பாட்டியோ என்னைத் திட்டுகிறார். சர்க்கரை நோயாளியான அவர், யூத மதகுருவான ரபியைக் கேட்டுவிட்டு யோம் கிப்பூர் நோன்பு நாளிலேயே சாப்பிட்டார். கழிப்பறைக்குப் போய் வந்தால்கூட கை கழுவிவிட்டு ஒரு ஜெபம் சொல்கிறார். புனிதத்துக்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம்? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் தலைசுற்றல். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பணியாளருக்கு மருத்துவக் காப்பீடு எடுத்துத் தருவது அங்கே முதலாளியின் கடமை. காப்பீட்டு விவரம் உங்கள் கையில் இல்லையென்றால் பாட்டியின் பிள்ளைகளிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தசோகை மூன்றையும் பார்த்துவிட வேண்டும். முடிவு தெரியும்வரை வெள்ளிக்கிழமை நோன்பு வேண்டாம். நோயுற்றவர்களுக்கு உங்கள் திருச்சபையே நோன்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்களின் ஒருசந்தியில் ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. நீங்கள் அதையும் விட்டுவிட்டீர்கள்.

இனி பாட்டியின் ஜெபம். அது மிகப் பழையது. பாபிலோனில் வாழ்ந்த அபாயே என்ற அறிஞர் சொன்னதாக, யூத ஆசான்களின் விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தல்மூத் அதைப் பதிவு செய்திருக்கிறது. மனிதனை ஞானத்தோடு படைத்து, அவனுக்குள் துளைகளையும் குழிவுகளையும் அமைத்த கடவுளுக்கு நன்றி சொல்கிறது அந்த ஜெபம். திறந்திருக்க வேண்டியது அடைபட்டாலோ, மூடியிருக்க வேண்டியது திறந்துகொண்டாலோ உம் முன்னால் நிற்கவே முடியாதே என்கிறது. சிறுநீரகம் பழுதானவர்களையும் குடல் அறுவை செய்துகொண்டவர்களையும் பார்த்துக்கொள்ளும் உங்களைப் போன்றவர்களுக்கு இதில் ஒரு சொல்கூட மிகையாகத் தோன்றாது. கடவுள் முன் நிற்பதற்கே உடம்பு ஒத்துழைக்க வேண்டும். அதனால்தான் பாட்டி அந்த வாசலில் நின்று நன்றி சொல்கிறார்.

ஹில்லேல் என்ற பழைய ஆசான் குளிக்கப் புறப்பட்டபோது, எங்கே போகிறீர்கள் என்று சீடர்கள் கேட்டார்களாம். ஒரு கட்டளையை நிறைவேற்றப் போகிறேன் என்றார். குளிப்பது கட்டளையா என்று அவர்கள் வியந்தார்கள். அரங்குகளில் நிற்கும் அரசனின் சிலைகளைத் தேய்த்துக் கழுவ ஓர் ஆளை நியமித்துச் சம்பளம் தருகிறார்களே, கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட நான் என் உடலை எவ்வளவு அக்கறையோடு கழுவ வேண்டும் என்பது அவருடைய பதில். தினமும் காலையில் பாட்டிக்கு முதுகு தேய்த்துவிடுகிறீர்களே, இந்தக் கதையின்படி அது புனிதமான வேலை. அதே கையால் உங்கள் உடம்பை மட்டும் ஏன் தண்டிக்க வேண்டும்?

யோம் கிப்பூர் அன்று பாட்டி சாப்பிட்டது சலுகை என்று நினைக்காதீர்கள். கட்டளைகளின்படி வாழ்வதற்கே அவை தரப்பட்டன, அவற்றால் சாவதற்கு அல்ல என்று விவிலியத்தின் லேவியர் நூலின் ஒரு வசனத்தைக் கொண்டு தல்மூத் தீர்ப்புச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து என்றால் உண்பதுதான் அன்றைய கடமை. தேவையில்லை என்று மருத்துவர் சொன்னாலும், எனக்கு உணவு வேண்டும் என்று நோயாளி சொன்னால் நோயாளியின் பேச்சையே கேட்க வேண்டும். தன் வேதனை அவரவர் நெஞ்சுக்குத்தான் தெரியும் என்ற நீதிமொழியை அதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இயன்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டுச் சாப்பிடுவதும் உண்டு. பாட்டி அப்படிச் சாப்பிட்டதை ஒருவேளை நீங்களே பார்த்திருக்கலாம்.

யூத மரபு இதில் ஒரே குரலில் பேசுகிறது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். தானாக முன்வந்து நோன்பிருப்பவன் பாவி என்றார் ஷ்முவேல் என்ற ஆசான். அவன் புனிதன் என்றார் ரபி எலாசார் என்னும் இன்னோர் ஆசான். இரண்டு கருத்துகளும் தல்மூத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. இடைக்கால ஜெர்மனியில் கடும் நோன்பிருந்து உடலை வதைத்த யூதப் பக்தர்களும் இருந்தார்கள். நான் ஷ்முவேல் பக்கம். உங்கள் கை நடுங்குகிறது என்று படித்த பிறகு இன்னும் உறுதியாக அவர் பக்கம்.

அதற்காக, யூதர்கள் உடம்பைக் கொண்டாடிக் களிக்கச் சொல்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 'தூயோராய் இருங்கள்' என்ற கட்டளையோடு தொடங்கும் லேவியர் 19ஆம் அதிகாரத்துக்கு, 13ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் வாழ்ந்த நக்மானிடெஸ் என்ற யூத அறிஞர் கூர்மையான விளக்கம் தந்தார். விலக்கப்பட்ட எதையும் தொடாமலேயே ஒருவன் கீழ்மகனாக இருக்க முடியும். அனுமதிக்கப்பட்ட இறைச்சியைப் பெருந்தீனியாகத் தின்று, அனுமதிக்கப்பட்ட மதுவை மூக்குமுட்டக் குடித்தால் போதும் என்றார். அனுமதிக்கப்பட்டதிலேயே அளவோடு இருப்பதில்தான் புனிதம் இருக்கிறது. அந்த அளவு இரண்டு பக்கமும் பொருந்தும் என்பது என் எண்ணம். மிதமிஞ்சித் தின்பவனும் நடுங்க நடுங்கப் பட்டினி கிடப்பவளும் ஒரே அளவைத்தான் தவறவிடுகிறார்கள்.

அந்த அளவை நடைமுறையாக எழுதிவைத்தவர் மைமோனிடெஸ். 1138இல் ஸ்பெயினின் கொர்தோபாவில் பிறந்து, எகிப்தில் அரசவை மருத்துவராக இருந்து, 1204இல் மறைந்தவர். யூதச் சட்டங்களை அவர் தொகுத்த பெருநூலில், குணங்களைச் செப்பனிடும் பகுதிக்குள்ளேயே உடல்நல விதிகளும் வருகின்றன. உடல் நலிந்தவனால் கடவுளைப் பற்றி எதையும் அறிய முடியாது, ஆகவே உடலை நலமாக வைத்திருப்பது கடவுளின் வழிகளில் ஒன்று என்கிறார். பசித்தால் மட்டும் உண், வயிற்றில் கால் பங்கைக் காலியாக விடு, உண்பதற்கு முன் உடல் சூடேறும்வரை நட அல்லது உழை, இயற்கை அழைப்பை அடக்காதே, எட்டு மணி நேரம் தூங்கு என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். கோபத்தையும் கர்வத்தையும் எப்படி விடுவது என்று எழுதிய அதே பேனாதான் மலச்சிக்கலைப் பற்றியும் எழுதியது. குணம் வேறு, குடல் வேறு என்று அவர் பிரிக்கவில்லை.

இவ்வளவு எழுதியவரின் சொந்த வாழ்க்கையையும் சொல்கிறேன். அவருடைய வேறொரு நூலை மொழிபெயர்த்துக்கொண்டிருந்த இப்னு திப்போன் என்பவர் தென் பிரான்சிலிருந்து அவரைப் பார்க்க வர விரும்பினார். 1199இல் மைமோனிடெஸ் எழுதிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. அவர் வாழ்ந்த ஃபுஸ்தாத் நகரிலிருந்து தினமும் காலையில் கெய்ரோ அரண்மனைக்குப் போக வேண்டும். நண்பகலுக்குப் பிறகுதான் பசியோடு வீடு திரும்ப முடியும். அதற்குள் யூதர்களும் மற்றவர்களுமாக நோயாளிகள் கூடம் நிறையக் காத்திருப்பார்கள். வாகனத்திலிருந்து இறங்கிக் கை கழுவி, சிறிது பொறுங்கள் என்று அவர்களிடம் கெஞ்சிவிட்டு ஏதோ கொஞ்சம் சாப்பிடுவார். நாள் முழுவதற்கும் அதுதான் சாப்பாடு. பிறகு இரவு வெகுநேரம்வரை வைத்தியம். களைப்பு தாங்காமல் படுத்துக்கொண்டே மருந்து சொல்வார். கடைசியில் பேசவும் தெம்பிருக்காது. உங்கள் நாளும் ஏறக்குறைய இப்படித்தான் போகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஒரு வேளைச் சாப்பாட்டை அவர் எங்கும் தவம் என்று எழுதவில்லை. அது வேலைச்சுமை என்று வெளிப்படையாக எழுதினார். உங்கள் களைப்பையும் அதன் சொந்தப் பெயரால் அழையுங்கள். பிள்ளைகளின் படிப்புச் செலவும், ஊர் விட்டு ஊர் வந்த தனிமையும், இரவில் பாட்டி கூப்பிடுவாரோ என்ற பயமும் சேர்ந்த களைப்பு அது. அதற்குப் புனிதம் என்று பெயர் சூட்டிவிட்டால் மருந்து தேட மாட்டீர்கள்.

ஓய்வு நாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விவிலியத்தில் முதன்முதலாகப் புனிதமாக்கப்பட்டது ஒரு நாள்தான், ஓய்வு நாள். உன் வீட்டில் வேலை செய்யும் ஆணும் பெண்ணும் உன்னைப்போல் ஓய்வெடுக்க வேண்டும் என்று இணைச்சட்டம் சொல்கிறது. அந்த வரியில் நீங்கள் இருக்கிறீர்கள். பாட்டியின் குடும்பமும் அதைப் படித்திருக்கும். மாதத்தில் இரண்டு ஓய்வு நாள்களையாவது திரும்பக் கேட்டு வாங்குங்கள். அனுப்பும் பணம் கொஞ்சம் குறையும் என்பதைப் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். தாய் மயங்கி விழுந்து ஊர் திரும்புவதைவிட அது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

ஆன்ம வளர்ச்சிக்கு என்ன செய்வது என்ற ஏக்கமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. 1808இல் மெண்டல் லெஃபின் என்ற யூத அறிஞர் ஒரு முறையைப் பரப்பினார். அமெரிக்கர் பெஞ்சமின் ஃபிராங்கிளினிடமிருந்து எடுத்துக்கொண்டது அது. 13 குணங்கள், வாரத்துக்கு ஒன்று. அந்த வாரம் முழுவதும் அந்த ஒரு குணத்தை மட்டும் கவனித்து, தவறியதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு நான்கு சுற்று வரும். பொறுமை, அடக்கம், உண்மை ஆகியவற்றோடு ஒழுங்கும் தூய்மையும் அந்தப் பட்டியலில் உண்டு. நீங்கள் ஒழுங்கில் தொடங்குங்கள். முதல் வாரம் மூன்று வேளையும் நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா என்று மட்டும் இரவில் ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வாரம் தூக்கம். பாட்டி பகலில் கண்ணயரும்போது நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள்; துணி மடிப்பது காத்திருக்கட்டும். பொறுமையை மூன்றாவது வாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தூங்கி எழுந்தவளுக்கு அது சற்று எளிதாகவே வரும்.

வெள்ளிக்கிழமையை வெறுமையாக விட மனம் ஒப்பவில்லையென்றால், மருத்துவர் அனுமதிக்கும்வரை அன்று இறைச்சியை மட்டும் விட்டுவிட்டு, காலையில் வயிறாரச் சாப்பிட்ட பிறகு ஜெபத்துக்கு உட்காருங்கள். பரிசோதனைக்குப் போகும்போது தூக்கம், நோன்பு, நடுக்கம் வரும் நேரம் எல்லாவற்றையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். மொழி தடையாக இருந்தால் முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி, பாட்டியின் மகளையோ மகனையோ எபிரேயத்தில் எழுதித் தரச் சொல்லி எடுத்துப் போங்கள்.