13 லட்சத்துக்கு பிஎம்டபிள்யூ: காரின் விலை குறைந்திருக்கிறது, ஸ்பேர் பார்ட்ஸ் விலை?

கேள்வி: என் வயது 34, ஊர் கோவை. கையில் வரும் சம்பளம் மாதம் 1.10 லட்சம். மனைவி வேலைக்குப் போகவில்லை, 3 வயதில் ஒரு மகள். எஃப்.டி.யில் 9 லட்சம் இருக்கிறது. 2014 மாடல் பிஎம்டபிள்யூ 328ஐ, சென்னைப் பதிவு, 68,000 கி.மீ. ஓடியது, 13 லட்சத்துக்கு வருகிறது. எஃப்.டி.யிலிருந்து 7 லட்சம் எடுத்துக்கொண்டு, மீதி 6 லட்சத்துக்கு 14% வட்டியில் நான்கு வருடக் கடன் வாங்கலாமா? சின்ன வயதிலிருந்தே ஆசை சார்.

பதில்: ஆசையில் தப்பில்லை. 245 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், எட்டு கியர் ஆட்டோமேட்டிக் என்று அவினாசி ரோட்டில் ஒரு சுற்றுப் போனாலே மனசு மாறிவிடும். அதனால்தான் டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் கணக்கைப் பார்த்துவிடச் சொல்கிறேன்.

இந்தக் காரில் இருப்பது என்20 எஞ்சின். வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைப்பது டைமிங் செயின். இதில் அந்தச் செயினைத் தாங்கும் கைடுகள் பிளாஸ்டிக். 2015-க்கு முந்தைய கார்களில் இவை வருடம் ஆக ஆக நொறுங்குவது தெரிந்த கோளாறு. உடைந்த துண்டுகள் எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியில் (சம்ப்) விழுந்து ஆயில் உறிஞ்சும் வலையை அடைத்தால் எஞ்சினுக்கு ஆயில் போகாது. செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும். அப்புறம் புது எஞ்சின்தான். பழைய எஞ்சின் ஒன்றைத் தேடிப் போட்டாலும் காரின் விலையில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். அமெரிக்காவில் உரிமையாளர்கள் இதற்காக வழக்கே போட்டார்கள். அந்த ஊர் வழக்கால் இங்கே உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது.

கி.மீ. குறைவு என்று விற்பவர் சொல்வார். பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் கி.மீ. மட்டும் கணக்கில்லை, வயதும் சேரும். எலக்ட்ரிக் வாட்டர் பம்ப், ஆயில் ஃபில்டர் ஹவுசிங் கேஸ்கெட், வால்வ் கவர் எல்லாம் கெட்டுப்போக வரிசையில் நிற்கின்றன. கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள். அந்த கியர்பாக்ஸைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனமோ இடையில் மாற்றச் சொல்கிறது. பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் விலையையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். காரின் விலை 13 லட்சத்துக்கு இறங்கியிருக்கலாம், ஆனால் பார்ட்ஸும் லேபரும் இன்னும் புது சொகுசுக் காரின் விலையில்தான் இருக்கின்றன.

இன்ஷூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்காதீர்கள். தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சாதாரண பாலிசியில் வராது. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இத்தனை வயதுக் காருக்குக் கிடைப்பது அரிது.

இப்போது மாதக் கணக்கு. ஈ.எம்.ஐ. சுமார் 16,400. மாதம் 1,000 கி.மீ. ஓட்டினால், லிட்டருக்கு 9 கி.மீ. என்று வைத்தாலும் பெட்ரோல் 11,000. இன்ஷூரன்ஸுக்கு 4,000 ஒதுக்குங்கள். ரிப்பேருக்கு 10,000, இதற்குக் கீழே நான் வைக்க மாட்டேன். மொத்தம் 41,000-ஐத் தாண்டுகிறது. கடனுக்கு வட்டி மட்டும் 1.87 லட்சம் போகும். எஃப்.டி.யில் மிஞ்சுவது 2 லட்சம். ஒரே சம்பளம் வரும் வீட்டில், ஒரு செயின் வேலையும் ஒரு ஆஸ்பத்திரிச் செலவும் ஒரே மாதத்தில் வந்தால் என்ன செய்வீர்கள்? அதனால் என் பதில், இந்தக் கடனோடு வேண்டாம்.

மனசு கேட்கவில்லை என்றால், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்குமுன் இதையாவது செய்யுங்கள். சென்னைக் கார் என்பதால் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அது எங்கே நின்றது என்பது முக்கியம். இன்ஷூரன்ஸ் கிளெய்ம் வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் பில்களில் ஆயில் மாற்றிய தேதிகளைப் பாருங்கள், செயின் வேலை நடந்ததா என்று தேடுங்கள். விற்பவருக்குத் தெரியாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் கோல்டு ஸ்டார்ட், அதாவது நன்றாக ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, சீழ்க்கை போல மெல்லிய இரைச்சல் வருகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். சம்ப்பைக் கழற்றிப் பார்க்கச் சம்மதித்தால் இன்னும் நல்லது. இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளித்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஈ.எம்.ஐ.க்கும் ரிப்பேருக்கும் போகவிருந்த பணத்தில் மாதம் 25,000 ரூபாயை இரண்டு வருடம் ஆர்.டி.யில் போடுங்கள். வட்டியில்லாமலே 6 லட்சம். எஃப்.டி.யில் 4 லட்சத்தைக் குடும்பத்துக்காகத் தொடாமல் வைத்தாலும் கையில் 11 லட்சம் சேரும். அதில் 2 லட்சம் ரிப்பேருக்கு என்று தனிக் கணக்கில் இருக்கட்டும். மீதி 9 லட்சத்துக்கு என்ன வருகிறதோ அதைக் கடனில்லாமல் பேரம் பேசுங்கள். கூடக் கொஞ்சம் பொறுக்க முடிந்தால் 328ஐ-க்குப் பிறகு வந்த 330ஐ-யைத் தேடுங்கள். அதில் இருப்பது என்20-க்குப் பின் வந்த பி48 எஞ்சின்.