முதலீட்டு வங்கிகள் ஏன் சரிகின்றன? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பங்குச் சந்தை வீழ்ச்சி, பெரிய வங்கிகளின் திவால் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானவை 2008 நிதி நெருக்கடியைச் சுற்றியே வருகின்றன. அதனால் முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

லேமன் பிரதர்ஸ் திவாலாவதற்கு முந்தைய ஆண்டுகூட நல்ல லாபம் காட்டியதாகப் படித்தேன். லாபத்தில் ஓடும் நிறுவனம் எப்படித் திவாலாகும்? – வணிகவியல் மாணவி, திருச்சி

நீங்கள் படித்தது சரி. 2007-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமனின் நிகர லாபம் சுமார் 420 கோடி டாலர். அதன் சரித்திரத்திலேயே அதுதான் அதிகம். மறு ஆண்டு செப்டம்பர் 15 அன்று, 63,900 கோடி டாலர் சொத்துக் கணக்கோடு திவால் மனு கொடுத்தது. அமெரிக்காவில் அவ்வளவு பெரிய திவால் அதற்கு முன்பு நடந்ததில்லை.

லாபக் கணக்கை எத்தனை முறை புரட்டினாலும் இதற்கு விடை கிடைக்காது. கடன் கணக்கைப் பார்க்க வேண்டும். 2007 நவம்பரில் லேமனின் சொத்து 69,100 கோடி டாலர். சொந்த மூலதனம் 2,250 கோடி. ஒரு டாலர் கைமுதலை வைத்துக்கொண்டு முப்பது டாலருக்கு மேல் சொத்து வாங்கியிருந்தார்கள். சொத்தின் விலை நூற்றுக்கு மூன்றேகால் இறங்கினாலே கைமுதல் மொத்தமும் போய்விடும். அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களின் விலையோ அதைவிடப் பல மடங்கு இறங்கியது.

இது பாதிக் கதைதான். அந்தக் கடன் எத்தனை நாளைக்கு வாங்கியது என்பதில்தான் மீதி இருக்கிறது. அதில் கணிசமான பகுதி 'ரெப்போ' கடன். நம் ஊர் நகைக்கடனை நினைத்துக்கொள்ளுங்கள்: பத்திரங்களை ஈடு வைத்து ஓர் இரவுக்குப் பணம் வாங்குவார்கள், காலையில் மீட்பார்கள், மாலையில் மறுபடி வைப்பார்கள். ஈடு பிடிப்பவர் ஒரு மாலை "இந்த நகை வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் மறுநாள் கடை திறக்க முடியாது. லேமன் வாங்கி வைத்திருந்ததோ அலுவலகக் கட்டடங்கள், அடமானப் பத்திரங்கள் போன்ற, அவசரத்துக்கு விற்க முடியாத சொத்துகள். பல ஆண்டுகளுக்கு முடங்கும் சொத்தை ஒரு நாள் கடனில் தாங்கிப் பிடித்திருந்தார்கள். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் கடன் கொடுத்தவர்கள் பின்வாங்கினார்கள். அதோடு முடிந்தது.

வெளியில் இருப்பவர்கள் இதை ஏன் கவனிக்கவில்லை? ஒரு காரணம் 'ரெப்போ 105' என்ற கணக்கு வேலை. காலாண்டு முடியும் சமயத்தில் கடனை விற்பனை போலக் காட்டி, சுமார் 5,000 கோடி டாலர் சொத்தை ஏட்டிலிருந்து சில நாட்களுக்கு அகற்றிவிடுவார்கள். நீதிமன்றம் நியமித்த ஆய்வாளர் ஆன்டன் வாலுகாஸ் 2010-ல் கொடுத்த அறிக்கைதான் இதை அம்பலப்படுத்தியது. திவாலான அன்று வரை, கடன் தர நிர்ணய நிறுவனங்களான மூடிஸும் எஸ் அண்ட் பியும் லேமனுக்கு 'ஏ' வரிசைத் தரமே தந்திருந்தன. தரக்குறியீட்டை மட்டும் நம்பிப் பணம் போடுவோர் இதை மறக்கக் கூடாது.

என் சேமிப்புக் கணக்கு இருக்கும் வங்கிக்கும் முதலீட்டு வங்கிக்கும் என்ன வித்தியாசம்? – இல்லத்தரசி, நாகர்கோவில்

உங்கள் வங்கி மக்களிடம் டெபாசிட் வாங்கிக் கடன் கொடுக்கிறது. முதலீட்டு வங்கி டெபாசிட் வாங்குவதில்லை. கம்பெனிகளின் பங்கு வெளியீட்டை நடத்தித் தரும், நிறுவன இணைப்புகளை முடித்துக் கொடுக்கும், சந்தையில் தானும் வாங்கி விற்கும். அதற்கான பணத்தைச் சந்தையில் கடனாகத் திரட்டும்.

உங்கள் டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020-க்கு முன்பு அது 1 லட்சமாக இருந்தது. லேமன் சரிந்தபோது, ஐசிஐசிஐ வங்கியின் லண்டன் துணை நிறுவனம் சுமார் 8 கோடி டாலருக்கு லேமன் பத்திரங்கள் வைத்திருந்தது தெரியவந்து வதந்தி பரவியது. பணம் எடுக்க மக்கள் ஏடிஎம்களுக்கு ஓடினார்கள். வங்கியிடம் போதுமான பணம் இருக்கிறது என்று 2008 செப்டம்பர் 30 அன்று ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது; பதற்றம் அடங்கியது. லேமனுக்காக அப்படி யாரும் முன்வந்து சொல்லவில்லை.

அந்தக் காலத்து முதலீட்டு வங்கிகளில் கூட்டாளிகளே முதலாளிகள், அதனால் கவனமாக இருந்தார்கள் என்கிறார்களே, உண்மையா? – ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், மதுரை

பாதி உண்மை. 1970 வரை, உறுப்பினர் நிறுவனங்கள் தங்கள் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க நியூயார்க் பங்குச் சந்தை அனுமதிக்கவில்லை. மெரில் லிஞ்ச் 1971-ல் பங்கு வெளியிட்டது, பேர் ஸ்டெர்ன்ஸ் 1985-ல், மார்கன் ஸ்டான்லி 1986-ல், கோல்ட்மன் சாக்ஸ் 1999-ல். அலபாமாவின் மான்ட்கோமரியில் 1850-ல் பருத்தி வியாபாரமாகத் தொடங்கிய லேமன், உட்பூசலால் 1984-ல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸுக்கு விற்கப்பட்டு, 1994-ல் தனி நிறுவனமாக வெளியே வந்தது.

கூட்டாளிகள் நடத்தியபோது நஷ்டம் வந்தால் வீடு வரை போகும். பயம் இருந்தது என்பது சரி. ஆனால் 2008-ன் தலைவர்களுக்குக் கைமுதல் இல்லை என்று சொல்ல முடியாது. பேர் ஸ்டெர்ன்ஸின் ஜேம்ஸ் கெய்ன் வைத்திருந்த பங்குகள் ஒரு சமயம் ஏறக்குறைய 100 கோடி டாலர் பெறும். கடைசியில் சுமார் 6 கோடிக்கு விற்றார். தன் பணம் போனாலும் ஆபத்தை அவர் சரியாக எடைபோடவில்லை. கூட்டாண்மையின் நிஜமான காவல் வேறு என்பது என் கருத்து. கூட்டாளிகளின் கைமுதல் சிறியது. ஓய்வு பெறுபவர் தன் பங்கை எடுத்துக்கொண்டு போவார். அதனால் அவர்களால் மலையளவு கடன் வாங்க முடியவில்லை. பொதுமக்கள் பணம் வந்த பிறகுதான் அந்தத் தடை நீங்கியது. பிரவுன் பிரதர்ஸ் ஹாரிமன் இன்றும் கூட்டாண்மையாகவே நடக்கிறது. அது சிறியது, ஆனால் நிலைத்திருக்கிறது.

பேர் ஸ்டெர்ன்ஸைக் காப்பாற்றிய அமெரிக்க அரசு லேமனை மட்டும் ஏன் கைவிட்டது? – தனியார் நிறுவன ஊழியர், கோவை

2008 மார்ச்சில் பேர் ஸ்டெர்ன்ஸை ஜேபி மார்கன் வாங்கியது. முதலில் பங்குக்கு 2 டாலர், பிறகு 10 டாலர். முந்தைய ஆண்டு ஜனவரியில் அதே பங்கு 170 டாலரைத் தாண்டியிருந்தது. சிக்கலான சொத்துகளுக்காக அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் சுமார் 2,900 கோடி டாலர் கடன் கொடுத்தது. லேமனை வாங்க வந்த பிரிட்டன் வங்கி பார்க்ளேஸுக்கு பிரிட்டன் அதிகாரிகள் வழிவிடவில்லை. போதுமான ஈடு இல்லாமல் கடன் தர சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பது ஃபெடரல் ரிசர்வின் வாதம். ஆனால் லேமன் திவாலான அடுத்த நாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு 8,500 கோடி டாலர் கொடுத்தார்கள்.

இந்த முரணை என்னால் ஏற்க முடியவில்லை. பேர் ஸ்டெர்ன்ஸைக் காப்பாற்றியதும் லேமனையும் காப்பாற்றுவார்கள் என்று சந்தை நம்பிவிட்டது. நடுவில் ஆறு மாத அவகாசம் இருந்தது. ஒரு முதலீட்டு வங்கியை ஒழுங்காக மூடுவது எப்படி என்று அந்த நேரத்தில் திட்டமிட்டிருக்கலாம். செய்யாததன் விலையைப் பாருங்கள்: லேமன் பத்திரங்களில் 78.5 கோடி டாலர் போட்டிருந்த ரிசர்வ் பிரைமரி ஃபண்ட், மறுநாளே யூனிட் மதிப்பு 1 டாலருக்குக் கீழே போய் நின்றது. ஆபத்தே இல்லை என்று மக்கள் நம்பிப் பணம் வைக்கும் வகை ஃபண்ட் அது. ஒரு வாரத்துக்குள் கோல்ட்மனும் மார்கன் ஸ்டான்லியும் ஃபெடரல் ரிசர்வின் கண்காணிப்பில் வரும் வங்கி நிறுவனங்களாக மாறிக்கொண்டன. வால் ஸ்ட்ரீட்டின் ஐந்து பெரிய தனி முதலீட்டு வங்கிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

கிரெடிட் சுவிஸ் விவகாரத்தில் பங்கு வைத்திருந்தவருக்கு ஏதோ கிடைத்தது, பத்திரம் வைத்திருந்தவருக்கு ஒன்றும் இல்லை. இது தலைகீழ் அல்லவா? – ஆடிட்டர், சென்னை

தலைகீழ்தான். வழக்கமாகப் பத்திரதாரருக்குக் கொடுத்த பிறகுதான் பங்குதாரருக்கு. 1856-ல் தொடங்கிய அந்த சுவிஸ் வங்கியை 2023 மார்ச் 19 அன்று இன்னொரு சுவிஸ் வங்கியான யுபிஎஸ் சுமார் 300 கோடி பிராங்குக்கு வாங்க ஒப்புக்கொண்டது. அதே நாளில் சுமார் 1,600 கோடி பிராங்க் மதிப்புள்ள 'ஏடி1' பத்திரங்களைப் பூஜ்யமாக்கினார்கள். வங்கி நெருக்கடியில் சிக்கினால் பத்திரத்தைப் பூஜ்யமாக்கலாம் என்று வெளியீட்டு ஆவணத்திலேயே எழுதியிருந்தது. கூடுதல் வட்டி தந்ததும் அதற்காகத்தான்.

இங்கேயும் நடந்திருக்கிறது. 2020 மார்ச்சில் யெஸ் வங்கியின் 8,415 கோடி ரூபாய் ஏடி1 பத்திரங்கள் இதேபோல் போயின. பத்திரதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு, பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி, குறைந்தபட்ச முதலீட்டை 1 கோடி ரூபாயாக்கி, இதைப் பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. நல்ல முடிவு, ஆனால் தாமதமாக வந்தது.

சந்தை விழுந்தால் கட்டாயம் மீளும், பொறுமைதான் வேண்டும் என்கிறார்களே? – பள்ளி ஆசிரியர், சேலம்

எத்தனை ஆண்டு பொறுமை என்று கேளுங்கள். சென்செக்ஸ் 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்டு, அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய், 2010 நவம்பரில் பழைய உயரத்துக்கு வந்தது. மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் 1929 செப்டம்பரில் 381. 1932 ஜூலையில் 41. மறுபடி 381-ஐத் தாண்டியது 1954-ல். ஈவுத்தொகையையும் அக்காலத்து விலைவாசி இறக்கத்தையும் சேர்த்தால் காத்திருப்பு வெகுவாகக் குறையும் என்பது உண்மைதான். ஜப்பானின் நிக்கேய் 1989 டிசம்பர் உச்சத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். இவையெல்லாம் குறியீடுகள். நலிந்த கம்பெனியைக் குறியீட்டிலிருந்து எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள், குறியீடு மீளும். லேமன் பங்கை வைத்திருந்தவர் மீளவே இல்லை.

புரோக்கர் செயலியில், என் பணத்தைப் போல நான்கு மடங்குக்குப் பங்கு வாங்கலாம் என்று கடன் தருகிறார்கள். எடுக்கலாமா? – வயது 26, ஓசூர்

வேண்டாம். நான்கு மடங்கு என்றால், பங்கு 25 சதவீதம் இறங்கினாலே உங்கள் பணம் முழுவதும் போய்விடும். நடைமுறையில் அதற்கு முன்பே, 10, 15 சதவீதம் இறங்கும்போதே கூடுதல் மார்ஜின், அதாவது ஈட்டுப் பணம், கேட்பார்கள். குறித்த நேரத்துக்குள் நீங்கள் கட்டாவிட்டால் புரோக்கரே பங்கை விற்றுவிடுவார். நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அந்த அனுமதி இருக்கும். 1929-ல் நூற்றுக்குப் பத்து டாலர் கட்டிப் பங்கு வாங்கியவர்கள், விலை மீளும் வரை காத்திருக்க வழியே இல்லாமல் வெளியேற்றப்பட்டது இப்படித்தான். ஏற்கெனவே கடன் எடுத்திருந்தால், அடுத்த சம்பளத்தில் முதலில் அதை அடையுங்கள். எஸ்ஐபி எனும் மாதத் தவணை முதலீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.