செஸ் இன்ஜின் ரேட்டிங்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

கேள்வி: ப்ரோ, நான் எழுதுற செஸ் இன்ஜினோட (தானே செஸ் ஆடுற ப்ரோகிராம்) புது வெர்ஷன் பழசை 20 கேம்ல 12-8னு ஜெயிச்சிருச்சு. எத்தனை ஈலோ (ஆடுறவங்க பலத்தைச் சொல்ற ரேட்டிங் புள்ளி) ஏறியிருக்கும்?

பதில்: 60 சதவீதம்னா கணக்குப்படி 70 புள்ளி. ஆனா அதை எங்கயும் எழுதி வச்சிடாதீங்க. நானும் இப்படித் துள்ளிக் குதிச்சவன்தான், அப்புறம் ஒருநாள் சந்தேகம் வந்து ஒரே ஃபைலை ரெண்டு காப்பி எடுத்து பேரை மட்டும் மாத்தி 20 கேம் மோதவிட்டேன், அதுவும் 12-8! தன்னைவிட தானே 70 புள்ளி பெரிய ஆளாம். பாதி கேம் டிரா ஆகுதுன்னு வச்சுக்கிட்டா 100 கேமுக்கு ஏறக்குறைய 50 புள்ளி மேலயும் கீழயும் ஆடும், 1000 கேமுக்கு 15, 10,000 போட்டாத்தான் 5க்கு இறங்கும். கேமை நாலு மடங்காக்கினா பிழை பாதிதான் குறையுது, அங்கதான் உயிர் போகுது.

கேள்வி: அப்போ எத்தனை கேம்ல நிறுத்தணும் அண்ணா?

பதில்: "முன்னாடி இருக்கு, போதும்"னு நிறுத்துறது மட்டும் கூடவே கூடாது தம்பி, அது நமக்கு நாமே விபூதி அடிச்சுக்கிற வேலை. எஸ்பிஆர்டினு ஒரு முறை இருக்கு, இரண்டாம் உலகப்போர் சமயத்துல ஆபிரகாம் வால்டுங்கிற கணித அறிஞர் கொண்டுவந்தது. "புது வெர்ஷன் ஏறினது 0 புள்ளியா, 5 புள்ளியா"னு ரெண்டு எல்லையை முன்னாடியே சொல்லிடணும், ஒவ்வொரு ரிசல்ட்டும் வர வர எந்தப் பக்கம் சாயுதுன்னு கணக்குப் போட்டு, கோட்டைத் தாண்டினதும் அதுவே நிறுத்திடும். மோசமான ஐடியா சீக்கிரமே செத்துடும், கம்ப்யூட்டர் நேரம் மிச்சம். ஸ்டாக்ஃபிஷ்ங்கிற பிரபல இன்ஜினை எழுதுற ஆளுங்க 2013ல ஆரம்பிச்ச ஃபிஷ்டெஸ்ட்ங்கிற சோதனைத் தளம் இப்படித்தான் ஓடுது, ஊர் உலகத்துல இருக்கிறவங்க தங்களோட மெஷினை இரவல் குடுக்குறாங்க, 1 புள்ளி 2 புள்ளிக்கெல்லாம் பல்லாயிரம் கேம் ஓடும்.

கேள்வி: ஓப்பனிங் புக் (ஆட்டத்தோட ஆரம்ப மூவ்களோட தொகுப்பு) அவசியமா?

பதில்: ஆமா. இல்லன்னா ஒரே கேமையே திரும்பத் திரும்ப ஆடி வச்சிருக்கும், நீங்க அதை நூறுனு எண்ணிட்டு இருப்பீங்க. ஒவ்வொரு ஓப்பனிங்கையும் ரெண்டு தடவை, வெள்ளை கருப்பை மாத்தி ஆடவிடுங்க. ரெண்டுமே பெரிய இன்ஜின்னா சமமான ஓப்பனிங்ல டிராவாக் கொட்டும், அதனால ஒரு பக்கம் கொஞ்சம் சாஞ்ச நிலையில இருந்து ஆரம்பிக்கிற புக்கைத்தான் இப்போ எடுக்குறாங்க.

கேள்வி: சிசிஆர்எல்ங்கிற இன்ஜின் ரேட்டிங் லிஸ்ட்ல ஸ்டாக்ஃபிஷ் 3600ஐத் தாண்டி நிக்குது, முன்னாள் உலக சாம்பியன் கார்ல்சன் உச்சத்துலயே 2882 தான். அப்போ 700 புள்ளி வித்தியாசமா சார்?

பதில்: அது வேற குளம், இது வேற குளம். ஈலோ ஒண்ணும் ஸ்கேல் வச்சு அளக்குற உயரம் இல்ல, யார் கூட ஆடினோமோ அவங்களை வச்சு வர்ற நம்பர். அந்த லிஸ்ட்ல இன்ஜின் இன்ஜின் கூடத்தான் ஆடுது. இன்ஜின்தான் பலம், சந்தேகமே இல்ல, ஆனா ரெண்டு நம்பரையும் கழிச்சு வர்றதுக்கு அர்த்தம் கிடையாது.

கேள்வி: 2017ல கூகுள் கம்பெனியோட ஏஐ ஆல்ஃபாஜீரோ ஸ்டாக்ஃபிஷ் 8ஐ 100 கேம்ல துவைச்சு எடுத்துச்சே?

பதில்: 28 வெற்றி, 72 டிரா, தோல்வியே இல்ல. அதாவது 64 சதவீதம், கிட்டத்தட்ட 100 புள்ளி. தோல்வி இல்லங்கிறதால கேட்க பயங்கரமா இருக்கு. ஆனா ஸ்டாக்ஃபிஷுக்கு ஓப்பனிங் புக் குடுக்கல, ஹாஷ் (கணக்குப் போட்டதை ஞாபகம் வச்சுக்கிற மெமரி) 1 ஜிபி, நேரமும் ஒரு மூவுக்கு ஒரு நிமிஷம்னு கட்டிப்போட்டது, எங்க கூட யோசிக்கணும்னு அதுவா முடிவெடுக்கிற திறமையே வீணாப்போச்சு. என் கருத்துல ஆல்ஃபாஜீரோ பலம்தான், அந்த மேட்ச்தான் சரியான தராசு இல்ல.

கேள்வி: புதிர் பொசிஷன் 300 குடுத்து எத்தனை கண்டுபிடிக்குதுன்னு பாத்தா போதாதா?

பதில்: பக் (ப்ரோகிராம்ல இருக்கிற பிழை) பிடிக்க உதவும். ரேட்டிங்குக்கு ஆகாது.

கேள்வி: லேப்டாப்ல 4 கோர், எத்தனை கேம் ஒண்ணா ஓட்டலாம்?

பதில்: ஒரு த்ரெட் இன்ஜின்னா (ஒரு நேரத்துல ஒரு கோர்ல மட்டும் ஓடுறது) 3. பாண்டரை (எதிராளி நேரத்துலயும் யோசிக்கிற வசதி) ஆஃப் பண்ணிடுங்க, சூடாகி வேகம் குறையுதான்னும் பாருங்க. ராத்திரி ஓட்டிட்டுத் தூங்கினா காலையில முதல்ல ஸ்கோரைப் பாக்காதீங்க, டைம் அவுட்ல எத்தனை கேம் போச்சுன்னு லாக்கைப் பாருங்க.