கையடக்க டாப்ளர் காட்டும் சிசுவின் இதயத்துடிப்பு சரியானதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்?

கையடக்க டாப்ளர் என்பது, தாயின் வயிற்றுக்குள் மீயொலியை அனுப்பி, துடிக்கும் சிசுவின் இதயத்தில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு துடிப்பை எண்ணும் சிறு கருவி. பெங்களூரு கன்டோன்மென்ட் நிலையத்தை நில்லாமல் கடக்கும் ரயிலின் ஊதல், நெருங்கும்போது கூர்மையாகவும் விலகும்போது தணிந்தும் கேட்பதற்கும் இதே விளைவுதான் காரணம்.

சிசுவின் வழக்கமான துடிப்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. சோதிக்கும்போது மருத்துவமனைக் கருவியின் அளவோடு ஒப்பிடுவதுடன், தாயின் மணிக்கட்டு நாடியையும் விரல் வைத்து எண்ண வேண்டும். டாப்ளர் காட்டும் துடிப்பும் தாயின் நாடியும் ஒன்றாகவே இருந்தால், கருவி பிடித்திருப்பது பெரும்பாலும் தாயின் இரத்தக்குழாயைத்தான் (அல்சூரில் என் தங்கைக்கு 90 என்று காட்டி எங்களைப் பதற வைத்ததும் அதுவே).

வீட்டில் துடிப்பு கேட்டுவிட்டால் குழந்தை நலம் என்று பலர் நினைப்பது தவறு. அசைவு குறைந்தால், ஒலி கேட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.