வீட்டில் தயாரித்த பிளாண்ட் ஏல் பியரைப் பற்றிச் சக தயாரிப்பாளர்கள் சொன்ன கருத்து உங்களுக்கு எந்த அளவு உதவியது?

மிகவும் உதவியது. ஆனால் அவர்கள் எழுதியதை நான் முதலில் தவறாகப் படித்துக்கொண்டேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் வசிப்பது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில். 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின் பயனாக, இந்நாட்டில் வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 கேலனும், அத்தகையோர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள வீட்டில் 200 கேலனும் சொந்தப் பயன்பாட்டுக்காக வரியின்றிப் பியர் தயாரித்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம் என்பதால், அங்கிருந்து படிப்பவர்கள் இதை அனுபவமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளாண்ட் ஏல் என்பது வெளிர்பொன் நிறமும், குறைந்த கசப்பும், ஐந்து விழுக்காட்டை ஒட்டிய ஆல்கஹாலும் கொண்ட எளிய பியர். தொடக்கநிலையினருக்கு ஏற்றது என்று பலர் இதைப் பரிந்துரைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறை ஏதும் இருந்தால், ஸ்டவுட் என்னும் கரும்பியரில் வறுத்த மால்ட்டும் (முளைவிட்டு உலர்த்திய பார்லி), ஐபிஏ என்னும் கசப்பான பியரில் ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் பூ) முழுப் பூசணிக்காயையே சோற்றில் மறைத்துவிடும். பிளாண்ட் ஏலில் கடுகைக்கூட மறைக்க முடியாது.

டிசம்பரில் ஐந்து கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் காய்ச்சினேன். நான்கு கிலோ வெளிர் மால்ட்டும் 200 கிராம் இளநிறக் கேரமல் மால்ட்டும் 66 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறின. வடித்த சாற்றை ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, தொடக்கத்திலேயே 28 கிராம் வில்லமெட் ஹாப்ஸ் சேர்த்தேன். கசப்பு, அதை அளக்கும் அலகான ஐபியூவில் 20ஐ ஒட்டி இருந்திருக்கும். சாற்றில் உள்ள சர்க்கரையைக் காட்டும், நொதிக்க நொதிக்க இறங்கும் ஒப்படர்த்தி 1.046. விரைவில் அடியில் படிந்து பியரைத் தெளியவைக்கும் இங்கிலாந்து வகை ஈஸ்ட்டை இட்டு, 16 டிகிரி குளிரில் கிடந்த நிலவறையில் வைத்தேன். ஏழாம் நாள் ஒப்படர்த்தி 1.010க்கு இறங்கி, பியர் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றி, இரண்டு நாளில் கெக் என்னும் உலோகப் பீப்பாயில் அடைத்தேன். அவசரம் அங்கேதான் நடந்தது.

பொங்கல் விருந்துக்கு வந்த நண்பர்கள் அனைவரும் "சூப்பர்" என்றார்கள். இலவசமாகக் கிடைக்கும் பியருக்கு வேறு எந்தப் பாராட்டும் கிடைக்காது என்பது பின்னால்தான் புரிந்தது. ஒருவர் மட்டும், குடித்து முடித்த கோப்பையை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "நெய் காய்ச்சின வாசம் வருது, நல்லாயிருக்கு" என்றார். எனக்கும் வந்தது. அம்மா வெண்ணெய் உருக்கும்போது அடுப்படியில் எழும் மணத்தை நான் எப்படிக் குறை என்று எண்ணுவேன்? மால்ட்டின் மணம் என்றே மகிழ்ந்தேன்.

பிப்ரவரியில், மாதந்தோறும் கூடும் உள்ளூர்த் தயாரிப்பாளர் குழுவுக்கு இரண்டு புட்டிகள் எடுத்துச் சென்றேன். அங்கே பிஜேசிபி என்னும் பியர் நடுவர் அமைப்பின் மதிப்பெண் தாளைப் பயன்படுத்துகிறார்கள்: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10, ஆக 50. தோற்றத்துக்கு மூன்றுக்கு மூன்று கிடைத்தது, மணத்துக்கு ஐந்துதான். மொத்தம் 27. ஒருவர் தாளில் "வழுவழுப்பு" என்றும், இன்னொருவர் தாளில் "பாப்கார்ன்" என்றும் மட்டும் இருந்தன.

பாப்கார்ன் என்றால் மக்காச்சோளம்தானே என்று நானே முடிவு செய்துகொண்டேன். வேகவைத்த மக்காச்சோள வாடைக்குக் காரணம் டைமெத்தில் சல்ஃபைடு என்னும் கந்தகச் சேர்மம். பாத்திரத்தை மூடாமல் நன்றாகக் கொதிக்கவிட்டால் அது ஆவியோடு போய்விடும். அடுத்த முறை 90 நிமிடம் கொதிக்கவைப்பது என்று குறித்தும் வைத்தேன். வாகன நிறுத்துமிடத்தில், "பாப்கார்ன்" என்று எழுதிய நடுவரைப் பார்த்துக் கேட்டிருக்காவிட்டால் அப்படியே செய்திருப்பேன். "சோளம் இல்லை, திரையரங்குப் பாப்கார்னில் ஊற்றுவார்களே, அந்த வெண்ணெய்" என்றார் அவர். அதன் பெயர் டையசிட்டைல். நாக்கில் படும் வழுவழுப்பும் அதன் அடையாளமே. இரண்டு தாள்களும் ஒரே குறையைத்தான் சொல்லியிருந்தன.

நொதிக்கும்போது ஈஸ்ட் வெளிவிடும் ஒரு முன்பொருள், ஈஸ்ட்டின் உதவியின்றித் தானாகவே மெல்ல டையசிட்டைலாக மாறுகிறது. அதைத் திரும்ப உறிஞ்சிச் சுவையற்ற பொருளாக மாற்றுவதும் ஈஸ்ட்தான். நானோ, அந்த வேலை முடியுமுன்பே ஈஸ்ட்டைக் குளிரில் உறங்கவைத்து அடியோடு பிரித்துவிட்டேன். கெக்கில் அடைத்த அன்று சுவைத்தபோது ஒன்றும் தெரியாததும், வாரங்கள் கழித்து நெய் மணம் எழுந்ததும் இதனால்தான்.

மார்ச்சில் அதே மால்ட், அதே ஹாப்ஸ், அதே ஒரு மணி நேரக் கொதி. ஈஸ்ட்டை மட்டும் அமெரிக்க வகைக்கு மாற்றினேன். 18 டிகிரியில் தொடங்கி, ஒப்படர்த்தி 1.014க்கு வந்ததும் 21 டிகிரிக்கு உயர்த்தி ஐந்து நாள் விட்டுவைத்தேன். குளிரவைக்குமுன், அவர் சொல்லிக்கொடுத்த ஜாடிச் சோதனையையும் செய்தேன்: இரண்டு மூடிய ஜாடிகளில் சிறிது பியர் எடுத்து, ஒன்றை 60 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து, ஆறியபின் இரண்டையும் முகர வேண்டும். முன்பொருள் மிச்சமிருந்தால் சூடு அதை உடனே டையசிட்டைலாக்கிக் காட்டிக்கொடுத்துவிடும். மூன்றாம் நாள் சூடாக்கிய ஜாடியில் இலேசாக நெய் மணத்தது. ஐந்தாம் நாள் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

ஆகவே, கருத்துக் கேட்பவர்களுக்கு என் யோசனை இது: "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "இது எதை நினைவூட்டுகிறது?" என்று கேளுங்கள். சொல்லப்பட்ட சொல் எந்தப் பொருளின் எந்த மணம் என்பதை, செய்முறையில் கைவைக்கும் முன் அவரிடமே உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்துவையுங்கள். இருவர் தனித்தனியாகச் சொன்னதைத் திருத்துங்கள்.

இரண்டாவது பியருக்கு 35 கிடைத்தது. ஒருவர் பியர் வாயில் கனமின்றி மெலிதாக இருக்கிறது என்றும், மற்றவர் கோடைக்கு இதுவே சரி என்றும் எழுதியிருந்தார்கள். அதை அப்படியே விட்டுவிட்டேன். நெய் வாசம் பிடித்திருந்த நண்பர் மட்டும், பழையதே தேவலை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.