கிட்டப்பாவைக் கேட்டவர்கள்

பழைய இசைத்தட்டு சேர்ப்பது எனக்கு முப்பது வருடப் பைத்தியம். ஒரு பாடகரைப் பார்த்து இன்னொரு பாடகர் எப்படி உருவாகிறார் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்றேன். வந்த கேள்விகளில் பாதி கிட்டப்பாவிடமே போய் நின்றன. எனக்கென்ன, கொண்டாட்டம்தான்.

கேள்வி: ஐயா, 27 வயதில் இறந்துபோன எஸ்.ஜி. கிட்டப்பாவை இன்னும் ஏன் இத்தனை பேசுகிறீர்கள்?

பதில்: செங்கோட்டைக்காரர், நாடக மேடையில் பாடி நடித்தவர். 1906இல் பிறந்து 1933 டிசம்பரில் போய்விட்டார். சினிமாவில் அவரைப் பார்க்க முடியாது, தட்டுகள்தான் மிச்சம். ஆனால் அவர் நாடகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பையன்களில் சிலர் பிறகு பாடகர்களானார்கள்.

அது மைக் இல்லாத காலம். கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். அதற்காகவே எல்லோரும் உச்ச சுருதியில் பாடினார்கள், பலருக்கு அது கத்தலாகவே நின்றுவிட்டது. கிட்டப்பாவுக்கு மட்டும் அந்த உயரத்திலும் பிருகா, அதாவது வேகமாக ஓடும் ஸ்வரக் கோவை, மணிமணியாக உதிர்ந்தது. ‘எவரனி’ கீர்த்தனையின் தட்டைக் கேளுங்கள். பாடுவது நாடக நடிகரா, கச்சேரி வித்வானா என்று சட்டென்று சொல்ல முடியாது.

கேள்வி: டி.ஆர். மகாலிங்கம் வெறும் கிட்டப்பா நகல்தானே? கோபித்துக்கொள்ளாதீர்கள்.

பதில்: கோபம் வரத்தான் செய்கிறது, சரி விடுங்கள். சோழவந்தான் பக்கத்துப் பிள்ளை, நாடக மேடையில் வளர்ந்தவர். கிட்டப்பாவின் பாணியைத் தொண்டையில் ஏற்றிக்கொண்டார், மறுக்கவில்லை. 1945இல் ‘ஸ்ரீவள்ளி’ படத்தில் ‘காயாத கானகத்தே’ பாடியபோது கிட்டப்பாவே திரும்பி வந்ததாகப் பேசிக்கொண்டார்கள். ஆனால் மகாலிங்கத்தின் குரலில் ஓர் இளக்கம் இருக்கும், கொஞ்சம் ஏக்கம் மாதிரி. கிட்டப்பாவின் தட்டுகளில் நான் அதைக் கேட்டதில்லை. நகல் எடுத்தவரிடம் மூலத்தில் இல்லாத ஒன்று எங்கிருந்து வந்தது?

கேள்வி: டி.எம்.எஸ். ஆரம்பத்தில் பாகவதர் மாதிரியே பாடினார் என்று அப்பா சொல்வார். நிஜமா?

பதில்: அப்பா சொன்னது சரி. எம்.கே. தியாகராஜ பாகவதர் 1937இல் ‘சிந்தாமணி’ படத்தில் பாடிய ‘ராதே உனக்கு கோபம் ஆகாதடி’ ஊரெல்லாம் ஒலித்த பாட்டு. அப்போது மதுரையில் சௌந்தரராஜன் என்ற பையனுக்குப் பதினைந்து வயதுகூட இருக்காது. பாகவதர் பாட்டைப் பாடியே பெயர் வாங்கினார். பிறகு ‘கிருஷ்ண விஜயம்’ படத்தில் (1950) அவருக்குக் கிடைத்த முதல் சினிமாப் பாட்டு என்ன தெரியுமா? ‘ராதே நீ என்னை விட்டு ஓடாதடி’. ராதையைக்கூட மாற்றவில்லை!

அங்கேயே நின்றிருந்தால் இன்று அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. 1954இல் ‘தூக்குத்தூக்கி’யில் சிவாஜிக்குப் பாட வேண்டிவந்தது. இசை ஜி. ராமநாதன், பாகவதரின் ‘ஹரிதாஸ்’ பாட்டுகளில் பங்குள்ள அதே ராமநாதன். ஆனால் இங்கே பாகவதர் குரலுக்கு வேலை இல்லை, சிவாஜியின் வாயசைப்புக்குப் பொருந்துகிற குரல் வேண்டும். பாகவதர் தன் முகத்துக்குத் தானே பாடியவர், டி.எம்.எஸ். அடுத்தவர் முகத்துக்குப் பாட வேண்டியவர். அந்த நெருக்கடியில்தான் கனத்த ஆண்குரல் வெளியே வந்தது என்பது என் கணிப்பு. அப்புறம் எம்.ஜி.ஆருக்கு வேறு மாதிரி, சிவாஜிக்கு வேறு மாதிரி என்று பாடினாரே, அதற்கும் விதை இதுதான். ஒருவர் மாதிரி பாடிப் பழகியவருக்குத்தான் இன்னொருவர் மாதிரியும் பாட வரும்.

கேள்வி: நடிகர்களுக்கு இப்படி உண்டா?

பதில்: சிறுவயதில் கட்டபொம்மன் நாடகம் பார்த்த பிறகுதான் நடிக்கும் ஆசை பிடித்ததாகச் சிவாஜியே சொல்லியிருக்கிறார். 1959இல் அவரே திரையில் கட்டபொம்மன் ஆனார்.

கேள்வி: அங்கிள், நான் மேடையில் பாடுகிறேன். “அப்படியே சித்ரா மாதிரி இருக்கு” என்கிறார்கள். முதலில் இனித்தது, இப்போது வலிக்கிறது. என்ன செய்வது?

பதில்: சித்ராவை விட்டுவிடாதே அம்மா, அவசரப்படாதே. இரண்டு விஷயம் செய்து பார். அவர் பாட்டை அவர் சுருதியில் பாடாமல் உன் சுருதிக்கு இறக்கியோ ஏற்றியோ பாடு. ஒட்ட வைத்த சங்கதிகள் (ஒரே வரியை விதவிதமாகப் பாடும் நெளிவுகள்) எவை, உன்னுடையவை எவை என்று தொண்டையே காட்டிக்கொடுக்கும். அடுத்தது, கொஞ்ச நாள் குரலே கேட்காதே, வாத்தியம் கேள். கர்நாடக இசைப் பாடகர் ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களில் நாகஸ்வரத்தின் சாயல் உண்டு. நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையை அவர் அவ்வளவு கேட்டிருக்கிறார். நாகஸ்வரத்தை அப்படியே காப்பியடிக்கத் தொண்டையால் முடியாதே! முடியாத இடத்தில் சொந்தமாக ஏதாவது செய்தே ஆக வேண்டும்.

கேள்வி: எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்: இரண்டு ராதை பாட்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள், முதலில் பாகவதர். உடனே ‘தூக்குத்தூக்கி’க்குப் போங்கள். கிட்டப்பாவை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தட்டு கரகரக்கும், அரை நிமிடத்தில் காது பழகிவிடும்.